வேலையற்ற ஊரில் மே தினம்

பெரம்பூர், சென்னை

30 ஏப்ரல் 2020, வியாழன்

கொரோனாவுக்காகப் போட்ட நான்கு நாள் முழு அடைப்பு நேற்றோடு முடிந்தது. கடை திறந்ததும் தெருவே காய்கறிக்கு ஓடியது. வாங்குகிறவர்களை விட விற்கிறவர்கள்தான் இன்று கண்ணில் பட்டார்கள். பெயின்டர் ஒருவர் தள்ளுவண்டியில் தக்காளி விற்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்டியவர் முகக்கவசம் விற்கிறார். அவரவர் தொழில் கைவிட்டுப் போக, எல்லோரும் விற்க வந்துவிட்டார்கள்.

நாளை மே தினம்.

1 மே, வெள்ளி

ஆட்டோ ஸ்டாண்டில் கொடியேற்றவில்லை. ஒலிபெருக்கியும் இல்லை, மிட்டாயும் இல்லை. ஐந்து வாரமாக ஊரே அடைந்து கிடக்கையில், இதில் எந்த நாளை விடுமுறை என்பது?

கீழ் வீட்டுத் தம்பி அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். மார்ச் கடைசியில் “கூப்பிடும்போது வா” என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை. அவன் மனைவி மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். நோய் பயத்தில் மூன்று வீட்டுக்காரரும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். காலையில் தண்ணீர் பிடிக்கையில் அவனுக்கு மே தின வாழ்த்துச் சொன்னேன். “வேல இருந்தாத்தானேண்ணே லீவு” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குடைகிறது.

தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மே 1க்கும் அதன்படி சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்தச் சட்டம் எட்டுவதே இல்லை. மேஸ்திரி கூப்பிடாத நாள் அவர்களுக்கு வெறும் பட்டினி நாள்.

அப்பா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். இந்த வட்டாரத்தில் மே தினம் என்றால் மில் தொழிலாளர் ஊர்வலம்தான். அவர் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேன். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். அதன் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் இங்கேதான் பேசினார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடத்தில் கூட்டம் நடத்தினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. மே தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்று அன்றே கேட்டார்கள். கேட்டு வாங்கிய நாள் இது, யாரும் கொடையாகத் தந்ததில்லை.

மில் 1996இல் மூடியது. அதன் பிறகும் அப்பா ஒவ்வொரு மே 1 அன்றும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மே தினப் பூங்காவுக்குப் போய் வந்தார். வேலை போன பிறகு என்ன மே தினம் என்று அம்மா கேட்பார். அப்போதுதான் போக வேண்டும் என்பார் அப்பா. அதை அவருடைய பிடிவாதம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

இரவு: தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு இன்று விடியுமுன் ஒரு ரயில் புறப்பட்டதாகச் செய்தி. ஊரடங்கு தொடங்கியபின் புலம்பெயர்ந்த தொழிலாளருக்காக விட்ட முதல் ரயில். சுமார் 1,200 பேர் போகிறார்கள். இந்த ஆண்டு நாட்டின் மே தின ஊர்வலம் அதுதான். ஊரடங்கை மே 17 வரை நீட்டித்தும் விட்டார்கள்.

6 மே, புதன்

இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் ஏப்ரல் கணக்கு வந்திருக்கிறது. நாட்டில் வேலையின்மை 23.5 விழுக்காடு. தமிழ்நாட்டில் 49.8. வேலை செய்ய விரும்புகிறவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் கட்டடத்தையே எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வருகிறது.

இதே நேரத்தில் வேலை நேரத்தைக் கூட்டுகிறார்கள். குஜராத்தில் ஏப்ரல் 17ஆம் தேதியே அறிவிக்கை வந்துவிட்டது: ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம், வழக்கமான விகிதமே போதும். வேறு சில மாநிலங்களும் நேரத்தைக் கூட்டியிருக்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்கிறது. அதைத்தான் ஒதுக்கி வைக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். இரவு பகலாக ஓடும் ஆலைக்கு எட்டு மணி ஷிப்ட் என்றால் மூன்று செட்டு ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி என்றால் இரண்டு செட்டு போதும். மூன்றில் ஒருவர் வீட்டுக்கு. நோய்க் காலத்தில் கூட்டம் குறைய வேண்டும் என்பது காரணமென்றால், கூட்டம் சேராமல் ஷிப்டைப் பிரிக்கவும் வழியுண்டு, இரட்டைக் கூலியை வெட்டாமலும் இருக்கலாம். பாதிப் பேர் வேலையில்லாமல் நிற்கும் காலத்தில், இருக்கும் வேலையை இன்னும் குறைவான ஆட்களுக்குள் அடைக்கிறார்கள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

சிகாகோ என்றால் 1886 குண்டுவெடிப்பும் தூக்குமேடையும்தான் நம் மே தின மேடைகளில் பேசப்படுகின்றன. எட்டு மணி நேரக் கோரிக்கைக்குள் வேலையில்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை அதிகம் பேசுவதில்லை. வேலை தேடும் ஒருவன் வேலை கிடைக்காமல் நிற்கும் வரை, வேலை செய்கிறவன் அளவுக்கு மீறி உழைக்கிறான் என்றே பொருள் என அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் வாதாடினார். ஓய்வு கேட்டார்கள், அதோடு அடுத்தவனுக்கு இடமும் கேட்டார்கள். அப்பா மில் மூடியபிறகும் பூங்காவுக்குப் போனது இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

“வெளியே நூறு பேர் நிற்கிறான், தெரியுமா?” இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் எல்லா சூப்பர்வைசரும் ஆலையை நடத்துகிறார்கள். நூறு ஆயிரமானால் அந்த வாக்கியத்துக்கு வலு கூடும். 1921 பி அண்ட் சி வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குப் போக, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலி என்று ஏசியவர்கள் அவர்கள் அடுப்பைப் பார்க்கவில்லை, சாதியால் அவர்களைத் தள்ளி வைத்ததையும் எண்ணவில்லை. அந்தத் தவறை இன்னொரு முறை செய்யக்கூடாது. உள்ளே இருப்பவனும் வெளியே நிற்பவனும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டால் ஆதாயம் மூன்றாமவனுக்கு.

9 மே, சனி

மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்மீது நேற்று விடிகாலை சரக்கு ரயில் ஏறிவிட்டது. ஜால்னாவிலிருந்து சொந்த ஊருக்குப் போக நடந்தவர்கள். எழுதக் கை ஓடவில்லை. அதே நாளிதழில், உத்தரப் பிரதேசம் பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்று ஆண்டு நிறுத்தி வைக்கப் போவதாகவும் இருக்கிறது.

மாலையில் கீழ் வீட்டுத் தம்பி மேலே வந்தான். கான்ட்ராக்டர் போன் செய்தாராம். கம்பெனி திறந்ததும் பாதி ஆள்தான், பன்னிரண்டு மணி நேரம், ஓ.டி. கிடையாது, இஷ்டமிருந்தால் வா.

“போகலாமாண்ணே? சங்கத்துக்காரர் திட்டுவாரா?”

“போப்பா. யாரும் திட்ட மாட்டாங்க. திட்டினா என்கிட்ட அனுப்பு.”

போகச் சொன்னதோடு இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். எத்தனை மணிக்கு உள்ளே போனான், எப்போது வெளியே வந்தான், கையில் என்ன கொடுத்தார்கள் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். இங்கே இரட்டைக் கூலிச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்க வேண்டிய நாள் வந்தால் கையில் கணக்கு இருக்க வேண்டும். பெண்ணின் பழைய நோட்டில் எழுதுகிறேன் என்றான். கான்ட்ராக்டர் வேறு யாரை அழைத்தார், யாரை விட்டார் என்றும் கேட்டுவரச் சொன்னேன். விடப்பட்டவர்களின் பெயர்களும் அதே நோட்டில் ஏற வேண்டும்.