வலிக் குளிசையும் கூமுட்டை வாடையும்

பசறை, தெமோதரை, ஸ்பிரிங்வெளி பக்கத்து லயங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் வலிக் குளிசை அட்டை ஒன்று கிடக்கும். முட்டிவலியோ இடுப்புவலியோ, மலைக்குப் போய்த்தான் ஆகணும். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர்தான். அதனால் எங்கள் அம்மாமார் ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடையை மாட்டுகிறார்கள். போகப்போக வயிறு எரியத் தொடங்குகிறது. பிறகு அதுக்கும் ஒரு குளிசை.

நெப்ரோக்சன், டைக்ளோபெனக் மாதிரியான மருந்துகள் உடம்பில் வலியைக் கூட்டும் புரோஸ்டகிளண்டினைக் குறைக்கின்றன. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே பொருள்தான். காவல் குறைந்தால் புண் வரும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் இதைத் தேடி வாசிக்கும்போதுதான் ஐதரசன் சல்பைட்டு வந்து நின்றது. கூமுட்டை நாறுவது இந்த வாயுவால்தான். மலக்குழியில் இறங்குகிறவர்களின் உயிரைக் குடிப்பதும் இதுதான். ஆனால் நம் உடம்பே இதை மிகச் சிறிய அளவில் உண்டாக்குகிறது. மூளையில் இதற்கு வேலை இருக்கிறது என்று ஜப்பானில் ஆபே, கிமுரா இருவரும் 1996இல் எழுதினார்கள். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதும், இரைப்பைச் சுவரைக் காப்பதும் பின்னால் தெரியவந்தன.

அப்படியென்றால், வலிக் குளிசையிலேயே இந்த வாயுவை வெளிவிடும் ஒரு சேர்மத்தைப் பிணைத்தால் என்ன? கனடாவில் ஜோன் வொலஸின் குழு அதைத்தான் செய்தது. நெப்ரோக்சனோடு பிணைத்த அந்த மருந்துக்கு ஏடிபி-346 என்று பெயர். நோயில்லாதவர்களுக்கு 2 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வழமையான நெப்ரோக்சன் எடுத்தவர்களில் 42 வீதமானோருக்கு இரைப்பையிலோ சிறுகுடலிலோ புண் வந்தது. புது மருந்தில் அது 3 வீதத்துக்கும் குறைவு.

வாசித்தவுடன் எங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. ஆனால் கல்லீரல் இடைஞ்சல் கொடுத்தது. சிலருக்குக் கல்லீரல் நொதிகள் கூடியதால் 2021இல் ஒரு பரிசோதனையை நிறுத்தினார்கள். 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் தடை போட்டது.

அப்ப பூண்டு சாப்பிட்டாப் போதுமா? பூண்டின் கந்தகச் சேர்மங்களிலிருந்து நம் சிவப்பணுக்கள் இதே வாயுவை உண்டாக்கும் என்று 2007இல் அலபாமாவில் காட்டினார்கள். அது ஆய்வுகூடத்தில் கண்டது. பூண்டு ரசம் குடிக்கிறோம் என்று பிரஷர் குளிசையை நிறுத்தச் சொல்ல அது போதாது.

கல்லீரலைக் கெடுக்காத ஒன்று வரட்டும். அதுவரைக்கும் வீட்டில் நாங்கள் கேட்கவேண்டியது இவ்வளவுதான்: வெறும் வயித்துல போடுறீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை? மலம் தார் மாதிரி கறுப்பாப் போகுதா? போகுதுன்னா, அன்றைக்குப் பேர் போனாலும் போகட்டும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.