கேட்காவ் கண்ட அக்கினி

புனேயிலிருந்து சென்னை இரயிலில் ஊருக்குச் செல்லும்போது, தவுண்டுக்கு முன்னே கேட்காவ் நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் அவ்வூரிலேயே உள்ளது. அங்கே 1905இல் உண்டான எழுப்புதலைக் கண்ணாரக் கண்ட அமெரிக்க மெதடிஸ்டு மிஷனரி மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார், மறு ஆண்டே பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தையும் அக்கினியையும் குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். அதன் பிரதி சிலி நாட்டில் ஊழியஞ்செய்த ஹூவர் தம்பதியரை எட்டியது. 1909இல் அங்கும் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பற்றியது.

அந்நியபாஷை பேசியவர் மாத்திரமே அபிஷேகம் பெற்றவர் என்று அம்மையார் வரையறுக்கவில்லை. பாவத்தைச் சுட்டெரித்து, சுவிசேஷம் அறியாதவரிடம் நம்மை நெருக்கி அனுப்பும் அன்பையே அக்கினி என்றார். நம் சபைகளில் சிலருக்கு இது கசக்கும். பாஷை வரவில்லையென்று பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் சகோதரிகளை நினைக்கையில், எனக்கோ ஆறுதலாயிருக்கிறது.

அம்மையார் சகோதரிகள் சிலரோடு வட இந்தியாவுக்குச் சென்று, உஸ்கா பஜாரில் ஊழியஞ்செய்கையில் 1912இல் மரித்தார்.