மூன்றாவது கோடு

டைனோவும் ஒருவகைத் தராசுதான். காரின் சக்கரங்களை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்போம். கார் நகராது, உருளைகள்தான் சுழலும். அவற்றைச் சுழற்றச் சக்கரம் கொடுக்கும் முறுக்குவிசையைக் கணினி வேகத்தோடு பெருக்கி, குதிரைத்திறனாகக் கோடு போட்டுக் காட்டும். ஒரு ரன் சில வினாடிகளில் முடிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில், எட்டு வருடமாக அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான்.

வருகிறவர்களுக்குக் கோடு முக்கியமில்லை. கோட்டின் உச்சியில் இருக்கும் எண்தான் வேண்டும். அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் காரைவிட்டே இறங்குவார்கள்.

போன வருடம் ஒரு பையன் 2005ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். இருபத்து நான்கு வயது இருக்கும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வேறொரு கடையில் சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி மாட்டி, டியூனிங் செய்து, 3,800 வெள்ளி செலவழித்திருந்தான். அம்மா கூட்டு எடுத்துக் கொடுத்த பணம்.

“காலையில நல்லா இழுக்குதுண்ணே. ஜேம்ல நின்னுட்டு காராக் மேட்டுல ஏறுனா செத்துப் போயிடுது.”

அந்தக் காரைத் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கதையில்லை. 1.6 லிட்டர் எஞ்சின். அதன் பெல்ட்டிலேயே சுழலும் சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுமே, அதே கதைதான். நம் ஊரில் 33 பாகையில் உள்ளே போகும் காற்று, அழுத்தப்பட்டு வெளியே வரும்போது நூறு பாகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதைத் தணிக்கத்தான் இண்டர்கூலர். ஆனால் இந்தக் காரில் அது எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. போனட்டில் உள்ள மூக்கு வழியாகக் காற்று வந்தால்தான் ஆறும். கார் நின்றால் காற்றும் நின்றுவிடும். கீழேயிருந்து எஞ்சின் சூடு ஏறும். இண்டர்கூலர் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி ஆகிவிடும்.

புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுழலும். காற்றும் கூடும், சூடும் கூடும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. 33 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போனாலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். நோக்கிங் சத்தத்தை உணர்ந்ததும் கணினி எஞ்சினைக் காப்பாற்ற இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். அதில் இன்னும் கொஞ்சம் சக்தி போகும்.

அன்று இடைவெளி விடாமல் மூன்று ரன் எடுத்தோம். எல்லாமே சக்கரத்தில் அளந்த எண்கள். முதல் ரன் 162 குதிரைத்திறன், இண்டர்கூலரைத் தாண்டி வந்த காற்று 45 பாகை. இரண்டாவது 154, காற்று 58. மூன்றாவது 147, காற்று 71.

“உங்க ஃபேன்ல காத்து பத்தலண்ணே” என்றான்.

எங்கள் மின்விசிறி ஆள் உயரம். ஆனாலும் நெடுஞ்சாலைக் காற்றுக்கு ஈடாகாது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சரிதான் தம்பி. ஆனா ஜேம்ல நிக்கிறப்ப உனக்கு இந்தக் காத்துகூட கிடைக்காதே.”

பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் குனிந்து, “நான் காரை வித்துடப் போறேண்ணே. முதல் ரன்ன மட்டும் பிரிண்ட் பண்ணிக் கொடுங்க” என்றான்.

எங்கள் தொழிலில் அதைச் செய்து கொடுப்பது பெரிய விஷயமில்லை. அதற்கு மேலும் செய்யலாம். ரன்னுக்கு முன் இண்டர்கூலர்மேல் ஐஸ் பையை வைக்கலாம். அளந்த எண்ணை 25 பாகைக் காற்றுக்கு மாற்றிக் கணக்கிட எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற விதி இருக்கிறது. நம் வெயிலுக்கு அது கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். வானிலை சென்சாரைச் சூடான ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால், ஊரே கொதிக்கிறது என்று நம்பி மென்பொருள் இன்னும் தாராளமாகக் கூட்டும். கியர்பாக்ஸில் வீணாகும் சக்தி இவ்வளவு என்று ஒரு சதவீதத்தைத் தட்டினால், சக்கரத்து எண் எஞ்சின் எண்ணாகிவிடும். ஒரு போல்ட்டைக்கூடத் திருக வேண்டாம். கார் அப்படியே இருக்கும், தாள் மட்டும் மாறும்.

முதல் ரன் பொய்யும் இல்லை. அந்தக் கார் அந்த வினாடியில் 162 கொடுத்தது உண்மை. ஆனால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போகிறவன் அதை நம்பிப் பணம் எண்ணிக் கொடுப்பான். அவனும் காராக் மேட்டில் ஏறுவான். அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா கூட்டு கட்டிக்கொண்டிருக்கலாம். மூன்று கோட்டையும், பக்கத்தில் காற்றின் சூட்டையும் ஒரே தாளில் அச்சிட்டு நீட்டினேன். “மூணும் ஒண்ணாத்தான் வரும் தம்பி.”

கோபத்தில் தாளை மேசைமேல் போட்டுவிட்டு வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தான்.

பாஸ்தான் பின்னாலேயே போய்ப் பேசினார். காரை ஒரு நாள் விட்டுப்போகச் சொல்லி, கூலி வாங்காமல் பழைய புல்லியையும் பழைய டியூனிங்கையும் திரும்பப் போட்டார். மீண்டும் மூன்று ரன். 143, 140, 138. எனக்கே அன்றுதான் கண்முன் தெளிவாகத் தெரிந்தது. சூடேறாத காரில் அவன் 3,800 வெள்ளிக்கு வாங்கியது 19 குதிரைத்திறன். சூடேறிய காரில் வெறும் 9.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். 2018 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் டீமனில், ஏர்கோன் குளிர்ச்சியைத் திருப்பிவிட்டு சூப்பர்சார்ஜருக்கான குளிர்நீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் அதன் விசிறியும் பம்பும் ஓடும். சக்தியைக் கூட்டியவர்கள் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்கும் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நம் கடைகளில் புல்லியை ஒரு பிற்பகலில் மாற்றிவிடுகிறோம். சூட்டைப் பற்றிப் பேச யாரும் காசு கொடுப்பதில்லை.

மூன்று கோட்டுத் தாள் எங்களுக்கு வியாபாரத்தைக் கூட்டவில்லை. “அங்க போனா 170 காட்டுறான், இங்க 147தான் வருது” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. பாஸும் முகம் சுளித்திருக்கிறார். ஆனால் முதல் ரன்னை மட்டும் அச்சடி என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் பழைய மைவி ஒன்றில் வந்தான். மினியை சிரம்பானில் ஒருவருக்கு விற்றுவிட்டானாம். எதிர்பார்த்ததைவிட 2,000 வெள்ளி குறைவு. தாளைக் காட்டினாயா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, “ரெண்டு தாளையும் கொடுத்துட்டேண்ணே” என்றான். கூட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. மைவிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டான்.