அப்பாவின் இன்லேண்ட் லெட்டர்கள்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில், பதினோரு இன்லேண்ட் லெட்டர்கள் கிடைத்தன. அக்காவைப் பெற்றெடுக்க அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது நெய்வேலியிலிருந்து அப்பா எழுதியவை. விலாசத்தில் பின்கோடு இல்லை. அது வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். இவை அதற்கு முந்தைய வருஷத்தவை.

ஓரிடத்திலும் காதல் என்ற சொல் கிடையாது. ‘ரசம் வைக்கப் பழகிவிட்டேன், நீ வைப்பது போல வரவில்லை’ என்று ஒரு வரி. ஒரு கடிதத்தில் உள்பக்கம் நிரம்பிப்போய், ஒட்டும் மடிப்பிலும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். அம்மா அவசரமாகப் பிரித்திருக்க வேண்டும். மடிப்பு கிழிந்து கடைசிச் சொல் பசையோடு போய்விட்டது. என்ன சொல் என்று கேட்டேன். “உனக்கெதுக்குடா அது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நினைவிருக்கிறது அவளுக்கு!

கூடவே ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இருவருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. ஆனால் அம்மாவின் முந்தானை நுனி அப்பாவின் விரல்களுக்குள் இருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்த படம். நேற்றுதான் அது கண்ணில் பட்டது.

படத்தையும் அந்த ரச வரியையும் மட்டும் இங்கே போட்டுக்கொள்ளச் சொன்னாள் அம்மா. மற்றவற்றை மறுபடி புடவைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.