நாற்பத்தைந்து கிலோமீட்டர் சர்டிஃபிகேட்!

கடலூரில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா பையன் ஓடி வந்தான்.

"மாமா, இன்டர்ன்ஷிப் முடிச்சுட்டேன்!"

"பலே! எத்தனை மாசம்டா?"

"மூணு நாள்."

கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் புது ஃப்ரேம் ஒன்று தொங்கியது. தங்க பார்டர், சிவப்பு முத்திரை, இரண்டு கையெழுத்து. 'தொழிற்சாலை ஆட்டோமேஷனில் சிறப்பான பங்களிப்பு' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பங்களிப்பு எவ்வளவு என்று விசாரித்தேன். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயாம்! அக்காவின் சீட்டுப் பணம்.

"கம்பெனி எங்கேடா இருக்கு?"

"சென்னையில மாமா. ஆனா நான் போகல. மொபைல்லயே முடிஞ்சுடுச்சு. முதல் நாள் வீடியோ, ரெண்டாம் நாள் வீடியோ, மூணாம் நாள் பத்துக் கேள்வி. தப்பாச்சுன்னா மறுபடி எழுதலாம்."

பையன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். நான் பி.காம். எனக்கு என்ன தெரியும் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானும் ஒரு காலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் 'ட்ரெயினிங்' போனவன். முதல் ஆறு வாரம் கற்றுக்கொண்டது: ஆடிட்டருக்குச் சர்க்கரை இல்லாத டீ, சீனியருக்கு ஸ்ட்ராங். ஏழாவது வாரம் ஒரு கட்டு வவுச்சரைத் தூக்கிப் போட்டார்கள். அதில் ஒரே பில் இரண்டு தரம் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஸார், அந்த வவுச்சரின் நிறம்கூட எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. இவனுக்கு அந்த மூன்று நாளில் என்ன ஞாபகமிருக்கும்? பாஸ்வேர்டு?

"நாளைக்கு என்னோட வா. கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றேன்.

"நானும் வரேன் மாமா. எனக்கு பரங்கிப்பேட்டையில வேலை இருக்கு" என்றாள் அவன் தங்கச்சி. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஜுவாலஜி.

"உனக்கென்னடி வேலை அங்கே... மீன் வாங்கவா?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அதற்கான தண்டனை பிற்பகல் கிடைத்தது.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். "கடலூர்ல கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கே, தெரியுமா? வேளாண் பல்கலைக்கழகத்தோடது. சி.ஓ.சி. 671-ன்னு ஒரு கரும்பு ரகம். மஹாராஷ்டிரா வரைக்கும் போய்ச் சர்க்கரை ஆலைக்காரங்களைக் கொண்டாட வெச்சுது. கடைசியா வர்ற அந்த 'சி' யாருன்னு நினைக்கிறே? நம்ம கடலூர்!"

பையன் காதில் வயர் மாட்டியிருந்தான். கண்டக்டர் மட்டும், "அப்படியா சார்?" என்றார்.

ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் பழைய கடலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிப்காட். 1984-ல் வந்த பேட்டை. மூக்கு இருப்பவர்களுக்குப் போர்டு தேவையில்லை. ஒரு ரசாயனத் தொழிற்சாலை கேட்டில் போய் நின்றோம். (பெயர் வேண்டாம். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. தப்பு எங்களுடையது.)

"என்னா வேணும்?" என்றார் செக்யூரிட்டி.

"பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். உள்ளே இன்டர்ன்ஷிப்..."

"காலேஜ் லெட்டர் இருக்கா? எத்தனாந்தேதியிலேர்ந்து எத்தனாந்தேதி? இன்ஷூரன்ஸ்? சேஃப்டி ஷூ?"

பையன் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. செக்யூரிட்டியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவமானத்தை ஆற்றிக் குடித்தோம். பெஞ்சில் இன்னொருவர். நைட் ஷிஃப்ட் முடிந்த கண்கள். "தம்பி, கேட்டுல நின்னு கேட்டா உள்ளே விடறதுக்கு இது பொருட்காட்சியா?" என்று சிரித்தபடி பேச ஆரம்பித்தார். அவர் மெயின்டெனன்ஸ் இன்ஜினீயர். படித்து முடித்ததும் ஒரு வருடம் நெய்வேலியில் அப்ரன்டிஸாக இருந்தவர். ஒரு டீயில் அவர் சொன்னதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

படிக்கும்போதே போவது இன்டர்ன்ஷிப் அல்லது இன்பிளான்ட் ட்ரெயினிங். அதற்குத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அதில் தேதி வேண்டும். லீவு விட்ட பிறகு போனால் சீட் இருக்காது. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே அனுப்ப வேண்டும். பத்து இடத்துக்கு அனுப்பினால் ஒரு இடத்திலிருந்து பதில் வரும். படித்து முடித்த பிறகு போவது அப்ரன்டிஸ். அது 1961-ம் வருடச் சட்டம். 1973-ல் பட்டதாரி, டிப்ளமா இன்ஜினீயர்களையும் சேர்த்தார்கள். நம் பக்கத்துக்குத் தரமணியில் ஆபீஸ். ஒரு வருடம் வேலை பழகலாம். மாதா மாதம் உதவித்தொகை. 2019-ல் விதியைத் திருத்தியபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசே கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அடுத்த இன்டர்வியூவில், 'பம்ப் ட்ரிப் ஆனா முதல்ல எதைப் பார்ப்பே?' என்று கேட்டால் முழிக்க வேண்டியதில்லை.

"2014-லேர்ந்து பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம்.கூட வரலாம் சார்" என்றார் என்னைப் பார்த்து. என் முகத்தில் பி.காம். எழுதி ஒட்டியிருக்கிறது போல! சரி, எனக்கு வயது தாண்டிவிட்டது.

"நெய்வேலியில என்ன சார் கத்துக்கிட்டீங்க?" பையன் காதிலிருந்து வயரைக் கழற்றியிருந்தான்.

அவ்வளவுதான், மனிதர் தூக்கத்தை மறந்துவிட்டார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஒரு மலை கனத்துக்கு மண். அதை வாரி எடுக்க, சக்கரம் முழுக்க வாளி கட்டின ராட்சச இயந்திரம். அது எல்லோரும் ஃபோட்டோ எடுப்பது. அவர் சொன்னது அதைவிட விசேஷம். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதாம், பயங்கர அழுத்தத்தில். மேலே இருக்கும் பாரத்தை எடுத்துக்கொண்டே போனால் கீழே இருக்கிற தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1957-ல் நேரு வந்து தொடங்கி வைத்த சுரங்கத்தின் உயிரே இந்தப் பம்புகளில்தான் இருக்கிறது. "நான் வெறும் பம்ப் ரீடிங் எழுதறவன்னு நினைச்சேன் தம்பி. மூணு மாசம் கழிச்சுத்தான் எதுக்கு எழுதறேன்னு புரிஞ்சுது."

நெய்வேலியில் பட்டதாரி அப்ரன்டிஸைப் பெரும்பாலும் மார்க் பார்த்துதான் எடுப்பார்கள். நிரந்தர இன்ஜினீயர் வேலைக்கு 'கேட்' மதிப்பெண்தான் வாசல்படி. அதை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அகில இந்தியப் போட்டி. நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள், 'மண்ணு எங்களுது, வேலை யாருக்கு?' என்று கேட்பது இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெல்லின் மேல் மண்வாரி இயந்திரம் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிக் கேட்டபோது இன்ஜினீயர் டீ டம்ளரையே பார்த்தார். "எங்க பெரியப்பா நிலமும் போச்சு சார்" என்றார். காசை அவரே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

சிப்காட்டை விடுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். 2004-லிருந்து இங்கே சுற்று வட்டார கிராமத்து ஜனங்களே காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதில் தெரியுமா? ஒரு வாளிக்குள் பையை வைத்து! எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, என்ன நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். சர்டிஃபிகேட் எதுவும் இல்லாத ஆராய்ச்சி. என் ஓட்டில் அதற்கு முதல் மார்க்.

பி.முட்லூரில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்கு மாறினோம். வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. பேராசிரியர் சேஷய்யா தொடங்கி வைத்தது. நான் பழைய ஞாபகத்தில் செக்யூரிட்டியைப் பார்த்துப் பம்மினேன். அக்கா பெண் பையைத் திறந்தாள், ஒரு கவர். காலேஜ் லெட்டர்ஹெட், முத்திரை, இன்றைய தேதி! அவள் மேடம் இங்கே படித்தவராம். இரண்டு வாரம் முன்பே எழுதிப் போட்டு, அனுமதி வாங்கி வைத்திருக்கிறாள்.

"ஏண்டி, சொல்லவே இல்லையே?"

"மீன் வாங்கத்தானே வரேன் மாமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே ஒரு ஆராய்ச்சி மாணவர், கூம்பு மாதிரி மெல்லிய வலையைக் காட்டினார். தண்ணீரில் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அடியிலுள்ள குப்பியில் சேரும். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்தேன். கால், மீசை, கண்ணாடி உடம்பு என்று ஒரு ஊர்வலமே போகிறது! அக்கா பெண் அதற்குப் பெயர்கூடச் சொன்னாள். ஆற்றில் உப்பு ஏறும்போது எது குறைகிறது, எது கூடுகிறது என்று அவர்கள் இருவரும் பேசிய பேச்சில் எனக்குப் புரிந்தது 'உப்பு' மட்டும்.

"இதனால என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்டேன். பி.காம். புத்தி.

அவர் கோபப்படவில்லை. தெற்கே கை காட்டினார். அந்தப் பக்கம் பிச்சாவரம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்த மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குக்கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். சதுப்புநிலக் காட்டுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். உலகம் பூராவும் படித்தார்கள். மறு வருடமே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள், 'காடு காரணமில்லை. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளி, மேட்டில் இருந்தன, அதுதான்' என்று அதே புள்ளிவிவரத்தை வைத்து மறுத்தார்கள். நம் ஊர் குப்பத்தை வைத்து உலகச் சண்டை! காட்டைச் சீராக்கியதும் ஒரு கதை. வெட்டின இடங்களில் நிலம் தட்டு மாதிரி குழிந்து, தேங்கின தண்ணீர் வற்றி, உப்பு ஏறிச் செடி முளைக்கவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் வந்து போகிற மாதிரி செய்தார்கள். பிறகுதான் நாற்று நின்றது. வாய்க்காலுக்கு எந்தக் கோணம், எவ்வளவு ஆழம் என்பது ஜுவாலஜியா, சிவில் இன்ஜினீயரிங்கா? பையன் கேட்டான். நல்ல கேள்வி.

பண விஷயத்துக்கு வருவோம்; அதுதானே என் துறை. மாணவர் ஒளிக்காமல் சொன்னார். எம்.எஸ்ஸி. முடித்து 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கிடைக்காதவர்கள் ஏதாவது ப்ராஜெக்ட்டில் உதவியாளராக ஒட்டிக்கொள்வார்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். பணம் சில சமயம் பல மாதம் கழித்து மொத்தமாக வரும். அதுவரை வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது. "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறப்ப, 'பையன் ஆத்துல தண்ணி மொள்றான்'னுதான் சார் சொல்றாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

பி.எஸ்ஸி. படிக்கும்போதே போகக்கூடிய ஒரு வழியும் சொன்னார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை. அவர்கள்தான் நமக்குப் பணம் தருவார்கள். நாம் தர வேண்டியதில்லை! இன்ஜினீயரிங் மாணவர்களுக்கும் உண்டு. மழைக்காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். 'என்ன செய்ய ஆசை, ஏன்?' என்று சொந்தமாக எழுத வேண்டும். இதில்தான் பாதிப் பேர் எங்கிருந்தோ காப்பியடித்து விழுவார்களாம்.

திரும்பும் வழியில் பையனுக்கு ஒரு பழங்கதை சொன்னேன். 1830-களில் இதே பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு ஆலை வைத்தார். சேலத்துத் தாது, விறகுக்கரி. ஆலை நொடித்தது. மனிதர் விடவில்லை. இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதில் கொழித்தார்கள். அவர் கோர்ட்டுக்கு அலைந்தே ஏழையாகச் செத்தார். "மெக்கானிக்கல் படிக்கிறே, இது தெரியாதா?" என்றேன். "சிலபஸ்ல இல்ல மாமா" என்றான்.

சிதம்பரத்தில் இட்லி, கொத்சு. சுடச்சுடக் கத்தரிக்காய் கொத்சுவை ஊற்றச் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், பையன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். துறைத் தலைவருக்குக் கடிதம். 'ரெஸ்பெக்டட் சார்' வரை வந்திருந்தது. "சேஃப்டி ஷூ என்ன விலை மாமா?" என்றான். அந்த மூவாயிரத்து ஐந்நூறில் நல்லதாகவே வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை.

மாதம் ஒன்றாகிறது. பையன் பதினொரு இடத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறான். ஒரே ஒரு பதில் வந்தது: 'இந்த வருடம் இடமில்லை.' மிச்சம் பத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான். ஃப்ரேம் இன்னும் தாத்தா பக்கத்தில்தான் தொங்குகிறது. கழற்ற அக்காவுக்கு மனசில்லை.

அக்கா பெண், வெள்ளாற்று முகத்துவாரத்து மிதவை உயிர்களைப் பற்றித் தான் எழுதியதை எனக்கு அனுப்பி, 'இங்கிலீஷ் மட்டும் பாருங்க மாமா' என்றிருந்தாள். கஷ்டப்பட்டு ஒரே ஒரு கமாவைத் திருத்தி அனுப்பினேன். அது தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.