ஆடிக் கூழும் ஒரு சிரட்டையும்

ஆடி மாதத்துச் சோழகம் எம்மூர்ப் பனங்கூடல்களுக்குள் புகுந்து இரையத் தொடங்கிவிட்டால், பிள்ளைகளின் காதுக்கு அது கூழ்ப்பானை கொதிக்கும் ஓசையாகவே கேட்கும். வெயிலோ பொறுக்க முடியாது. கிணறுகள் அடித்தளம் காட்டும். வழுக்கியாறு ஓடிய சுவடு மாத்திரம் அராலி வெளியிலே கிடக்கும். புழுதி எழும்பி வாசலில் வைத்த குடத்து நீரையும் மறைக்கும். இத்தகைய கோடையின் நடுவிலே எம் முன்னோர் ஒரு பண்டிகையை வைத்து, அதற்குச் சுடச்சுடக் குடிக்கும் பண்டமொன்றையும் விதித்தார்களே, அவர்கள் நெஞ்சுரம் பெரிதுதான்.

வட்டுக்கோட்டை என்றவுடன் 1976 ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நினைப்போர் பலர். நாம் கூழை நினைக்கிறோம். பிறந்து வளர்ந்தவனுக்கும் பத்திரிகையிற் படித்தவனுக்கும் உள்ள வேறுபாடு அது.

எம்மூர் கல்லூரிகளாற் பெயர் பெற்ற ஊர். 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் இங்கே தமது செமினரியை நிறுவினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே. 1855 இல் செமினரி மூடப்பட்டது; 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. சைவப் பிள்ளைகளுக்கென இந்துக் கல்லூரியும் எழுந்தது. ஆகவே காலையிலும் மாலையிலும் வெள்ளைச் சீருடை வெள்ளமாகத் தெருவில் ஓடும் ஊர் இது. தேநீர்க் கடைக்காரர் முதல் துவிச்சக்கரவண்டி திருத்துபவர் வரை எல்லோரும் தவணை தொடங்குவதையும் முடிவதையும் கொண்டே தம் வரவு செலவைக் கணக்கிடுவர்.

ஆடிப்பிறப்பைப் பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் எம்மூர் இந்துப் பாடசாலையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். 1953 இல் மறைந்த அப்பெரியாரைத் தங்கத் தாத்தா என்று இன்றும் எம் பிள்ளைகள் அழைப்பர். அவர் பாட்டில் மறுநாள் விடுமுறை என்ற களிப்பே முதலில் வரும். கூழும் கொழுக்கட்டையும் பின்னரே வரும். பிள்ளைகளின் மனமறிந்த ஆசிரியர் அல்லவா! இக்காலத்தில் ஆடிப்பிறப்புக்கு விடுமுறை கிடையாது. ஆதலால் எமது வாசிகசாலைக்காரர் அந்நாளை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையைக் கூழ் நாளாக்கிக் கொண்டனர். சென்ற ஆடியிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

காலை ஆறு மணிக்கே ஒலிபெருக்கி பக்திப் பாடலுடன் அலறத் தொடங்கிவிட்டது. அதன் சத்தத்தைக் குறைக்கும்படி நாம் ஆண்டுதோறும் செயற்குழுவிடம் கேட்பதும், அவர்கள் தலையசைத்துவிட்டுச் சற்றுக் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டன. பழைய மாணவர் சிலர் வாசிகசாலை மண்டபத்திலே இரத்ததான முகாம் நடத்தினர். வெளியே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப்பட்டிருந்தது. சோழகம் அதில் பாதியை அள்ளிச் சென்று பார்வையாளர் வேட்டிகளில் அப்பியது. தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல், முதியோருக்குச் சங்கீதக் கதிரை என்று நிகழ்ச்சி நிரல் நீண்டது. சங்கீதக் கதிரையில் இளைப்பாறிய அதிபர் ஒருவரும் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரும் கடைசிக் கதிரைக்காகப் பட்ட பாட்டைப் பார்த்த பிள்ளைகள், ஒழுக்கம் பற்றி அவர்கள் முன்னர் செய்த உபதேசங்களை எல்லாம் மறந்திருப்பர். கயிறிழுத்தலில் எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர், தெற்கு ஒழுங்கைக் கமக்காரரிடம் நொடிப்பொழுதில் தோற்றனர்.

ஆனால் ஊரின் கண்ணெல்லாம் மைதானத்தின் மேற்கு மூலையில், வேப்பமர நிழலிலிருந்த கிடாரத்தின்மேலேதான் இருந்தது.

கூழ் காய்ச்சுவது தனியாள் வேலை அன்று. பச்சையரிசியை ஊறவைத்து இடித்து மாவாக்க வேண்டும். பயற்றை வறுத்துக் கோது நீக்கி வேகவிட வேண்டும். தேங்காயைச் சிறு சொட்டுகளாக அரிவது ஒருவர் வேலை; துருவிப் பால் பிழிவது இன்னொருவர் வேலை. பனங்கட்டியைக் குட்டானிலிருந்து பிரித்து, கரைத்து, மண் போக வடித்து வைத்தல் வேண்டும். எல்லாம் கிடாரத்தில் ஒன்று சேர்ந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்கும். கையெடாமல் துழாவ வேண்டும். ஒரு நிமிடம் பராக்குப் பார்த்தால் அடிப்பிடித்து, புகைநாற்றம் கிடாரம் முழுவதும் ஏறிவிடும். ஏலமும் மிளகும் சீரகமும் இட்ட அந்த மணத்தைச் சோழகம் சந்தி வரை கொண்டுசென்று, வராதவர்களையும் அழைத்து வரும்.

எல்லோரும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். மூன்று நான்கு வீட்டுப் பெரியவர்கள் வரவில்லை. விசாரித்தால் முழங்கால் வலி என்றனர். எம்மூரில் நோய்கள் சில வேளைகளிற் சாட்டாகவும் பயன்படுவதுண்டு. கிடாரத்தைத் துழாவியவர் யார் என்பதே அந்த முழங்கால் வலிக்குக் காரணம் என்பது ஊரறிந்த இரகசியம்.

துழாவியவர் எமது பள்ளித் தோழர். இன்று தேர்ந்த மேசன்; வாசிகசாலையின் புதிய மேடையைக் கட்டியவரும் அவரே. சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துவாயுடன், இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்து நின்றார். அவரைக் கண்டபோது எம் சட்டைப்பையிலிருந்த காகிதம் திடீரெனக் கனத்தது. மாலைக் கூட்டத்தில் ‘ஊரொற்றுமை’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைக் கேட்டிருந்தனர். நாம் இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதிய பேச்சு அது.

அப்பேச்சிலே எம்மூர்ப் பெருமை நிறைய இருந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழரும் 1924 இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கியது, 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது, சமாசனம் சமபோசனம் என்ற இரு சொற்களை வீடுவீடாகக் கொண்டு சென்றது, 1930 அளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்றபோது சில பாடசாலைகள் தீக்கிரையானது, எல்லாம் இருந்தன. செமினரி தொடங்கிய காலத்தில் மிஷன் வளவிற் சமைத்ததை உண்ண மாணவர் மறுத்தமையால், அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் சமையற்கூடம் அமைத்தார்கள் என்ற செய்தியையும் சுவைக்காகச் சேர்த்திருந்தோம். சபையோர் சிரிப்பர் என்று எதிர்பார்த்தோம். அவ்வளவும் பிறர் கதை. எமது கதை ஒன்று அதிலே இல்லை.

அது 1991 ஆம் ஆண்டு ஆடிப்பிறப்பு. ஆனையிறவில் பெருஞ்சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை, சீனி கண்ணிற் படாது. பனங்கட்டிக்கு மட்டும் குறைவில்லை, ஆகையால் எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சினர். எமக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் எம்முடன் ஒரே வாங்கில் இருந்தவன் அவன். கணக்கை நாம் அவனைப் பார்த்தும், தமிழை அவன் எம்மைப் பார்த்தும் எழுதுவோம். “பின்னேரம் எங்கட வீட்டை கூழ். வா” என்று அழைத்தோம். அழைத்தால் என்ன நடக்கும் என்று நாம் எண்ணவில்லை. அவன் எண்ணியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. ஏனெனில் அவன் படலைக்கு உள்ளே வரவில்லை.

அப்பாச்சி கண்டார். அவர் ஏசவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. விறகுக் குவியலருகே கிடந்த சிரட்டை ஒன்றை எடுத்துக் கிணற்றடியிற் கழுவினார். மூக்குப்பேணியிலே கூழ் நிரப்பினார். இரண்டையும் எம் கையில் தந்து, “சிரட்டையை அவனிட்டைக் குடுத்திட்டு, முட்டாமல் வார்த்துவிடு, ராசா” என்றார். அன்பொழுகிய குரல் அது. பெற்றவரிலும் மேலாக எம்மை வளர்த்தவர் அவர்.

நாம் படலையடிக்குச் சென்றோம். அவன் சிரட்டையை இரு கைகளாலும் ஏந்தினான். நாம் பேணியை உயர்த்தி வார்த்தோம். காற்றோ கூழ்த் தாரையை ஒருபுறம் சாய்த்தது. கொதிக்கும் கூழ் அவன் விரல்களில் விழுந்தது. அவன் சிரட்டையைக் கீழே போடவில்லை, கத்தவுமில்லை. குடித்து முடித்து, சிரட்டையை வேலியோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அதே வாங்கில் வந்து இருந்தான். வலக்கைச் சுட்டுவிரல் கொப்புளித்திருந்தது. அன்று கணக்குப் பாடத்தில் நாம் அவன் கொப்பியைப் பார்க்கவில்லை.

அப்பாச்சி சொன்னார் என்பது உண்மை. உயர்ந்த கை எம்முடையது. இன்னும் கொஞ்சம் தாழ்த்தியிருந்தால் அப்பாச்சி அடித்திருப்பாரா? மாட்டார். அவர் அப்போது அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். எம்மை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்கள் தென்மராட்சிக்குப் போனோம். அவன் குடும்பம் வன்னிக்குப் போயிற்று. 2010 இல் அவர் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் ஊர் திரும்பினார். அக்குழந்தை பின்னர் எமது வகுப்பிலேயே படித்தாள். உயர்தரக் கணிதப் பிரிவிற் பயின்ற கெட்டிக்காரி. கணக்கு அவர்கள் குடும்பத்துச் சொத்துப் போலும்.

மாலைக் கூட்டத்தில் நாம் பேசியது நான்கு நிமிடம் இருக்கும். பேரின்பநாயகத்தையும் காந்தியடிகளையும் பற்றிச் சொன்னோம். சமையற்கூடக் கதையைச் சொல்ல வாயெடுத்தபோது கிடாரத்தருகே நின்ற அவரைக் கண்டு நிறுத்திக் கொண்டோம். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கினோம். பேச்சுச் சுருக்கமாக இருந்ததென்று பலர் கைகொடுத்துப் பாராட்டினர். ஆசிரியரின் பேச்சுக்கு இதனிலும் மேலான பாராட்டு எம்மூரிற் கிடைப்பது அரிது.

கூழ் வார்க்கும் நேரம் வந்தது. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி வைத்திருந்தனர். பெண்பிள்ளைகள் அகப்பையால் வார்த்துக் கொடுக்க, நாம் இரண்டு இலைகளை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குச் சென்றோம். அவரோடு பேசுகையில் எமக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. ‘நீ’ என்று சொல்ல இப்போது உரிமையில்லை. ‘நீங்கள்’ என்றால் பழைய வாங்கை மறுதலித்தது போலாகிறது. எனவே இடையிலுள்ள ‘நீர்’ என்பதைப் பிடித்துக்கொண்டு காலம் கடத்துகிறோம்.

“இந்தாரும், குடியும். காலமை தொடக்கம் நிற்கிறீர்” என்று ஓர் இலையை நீட்டினோம். கையைத் தாழ்த்தியே நீட்டினோம். அதை அவர் கவனித்தாரோ தெரியாது.

“ஐயோ, எனக்கு வேண்டாம் மாஸ்ரர். சீனி வருத்தம். பனங்கட்டி கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். நீங்கள் குடியுங்கோ” என்றார். முகத்தில் மாறாத புன்னகை.

நாமும் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தோம். வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்தீரோ, மாத்திரை எடுக்கிறீரோ என்றெல்லாம். அவரும் மரியாதையாக மறுமொழி சொன்னார். அந்நேரம் அகப்பையும் கையுமாக அவர் மகள் வந்தாள்.

“அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை சேர்! இப்பதான் ரண்டு இலை குடிச்சவர். ஏனப்பா சேருக்குப் பொய் சொல்லுறீங்கள்?” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். நாமும் சிரித்தோம். அவர் குனிந்து, அடுப்பில் எரிந்து முடிந்திருந்த கட்டையைத் தேவையின்றி ஒருமுறை தள்ளிவிட்டார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரலை நாம் பார்த்தோம். சீமெந்துக் காய்ப்பு ஏறிய அவ்விரலிலே பழைய வடு எதுவும் தெரியவில்லை. எம் கையிலிருந்த இரண்டு இலைகளிலும் ஈர்க்குத் துவாரத்தால் கூழ் கசிந்து மணிக்கட்டு வழியே ஓடியது. நன்றாகச் சுட்டது. இரண்டையும் நாமே குடித்து முடித்தோம்.

அன்றிரவு சொல்லியிருக்கலாம். முட்டி உடைத்தவருக்குப் பரிசளிக்கும் ஆரவாரம், ஒலிபெருக்கி, சூழ நின்ற மாணவர் என்று சாட்டுகள் நிறைய இருந்தன. முழங்கால் வலிக்காரரை நாம் மேலே நகையாடியதை வாசகர் மறந்துவிடலாகாது.

வாசிகசாலைக்கு ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு இப்பத்திரிகை வந்துவிடும். முதலில் அதை விரிப்பவர் எமது தோழரே என்று பொறுப்பாளர் சொன்னார். முன்பக்கச் செய்திகளை அவர் பார்ப்பதில்லையாம். இந்த இணைப்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடி வாங்குக்குப் போய்விடுவாராம்.