இடம் மாறாத புள்ளி

2008 ஆடி மாதத்தில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் கயத்தாற்றுக்குச் சென்றிருந்தோம். ஆச்சியைப் பார்ப்பது ஒரு காரணம். தவணையில் வாங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை வெளியில் எடுத்துப் பார்ப்பது இன்னொரு காரணம். எது முதற்காரணம் என்று சொல்ல இன்று கூச்சமாயிருக்கிறது.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே பலரும் கயத்தாற்றை அறிவர். ஊர்க்காரர்களுக்கு அது காற்றின் ஊரும்கூட. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று கரிசல்வெளியில் தடுப்பாரின்றி ஓடும். காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் அங்கே அமைந்ததற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அப்படிப்பட்ட காற்றில், வெடித்துக் கிடந்த கரிசல் காட்டின் நடுவே நின்று, நாங்கள் ஏழெட்டு முறை லென்ஸ் மாற்றினோம்.

ஃபிலிம் காலத்தில் இதற்கு ஓரளவு மன்னிப்பு உண்டு. ஒரு சட்டத்தில் விழுந்த தூசி அந்தச் சட்டத்தோடு நகர்ந்துவிடும். அடுத்த படத்துக்குப் புதுப் பரப்பு. சென்சார் நகர்வதில்லை. அதன் முன்னுள்ள கண்ணாடி வடிகட்டியில் ஒட்டிய துகள், நீக்கும்வரை ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் நிழல் வீழ்த்தும். அபெர்ச்சர் எஃப் 2.8 என விரிந்திருந்தால் நிழல் கலைந்து மறையும். எஃப் 16, எஃப் 22 எனச் சுருக்கினால் கறுத்துத் திரளும். அதுவும் வெறும் வானத்தில்தான் நன்றாகத் தெரியும். கரிசலில் வானத்துக்கா பஞ்சம்?

அன்றிரவே இன்னொரு குறையும் வெளிப்பட்டது. மொட்டைமாடியில் முப்பது விநாடி திறந்து வைத்து எடுத்த படங்களில், காற்றாலைகளின் உச்சி விளக்குகளுக்கு மேலே, ஆளில்லாத இருளில் ஒரு சிவப்புப் புள்ளி. லென்ஸை மூடிவிட்டு எடுத்த கரிய படத்திலும் அது அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. ஒளியே படாமல் மின்னூட்டம் கசியும் பிக்சல் அது. சூடும் நேரமும் கூடக்கூட மிகும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமராக்களில்கூடக் கதிர்வீச்சால் இத்தகைய புள்ளிகள் பெருகுகின்றன. அவ்வப்போது சென்சாரின் குளிர்ச்சியைத் தளர்த்தி அவற்றில் ஒரு பகுதியைக் குணப்படுத்துகிறார்கள். நமக்கு எளிய வழி, அதே நேர அளவில் ஓர் இருட்டுப் படம் எடுத்து முந்தையதிலிருந்து கழித்துவிடுவது. பல கேமராக்கள் இதைத் தாமே செய்யும்.

தூசிக்கு அத்தகைய கணக்கு உதவவில்லை. வாயால் ஊதினோம், எச்சில் துளி புதுப் புள்ளியானது. பிறகுதான் முறை தெரிந்தது. மின்கலத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு, உள்கண்ணாடியை உயர்த்தி, கேமராவின் வாயைத் தரை நோக்கிப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் கீழிருந்து காற்றடிக்க வேண்டும். சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல்விளிம்பில் தெரியும் புள்ளிக்குரிய துகள் சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 மீயொலி அதிர்வால் தானே தூசி உதறிக்கொண்டது. எங்களுடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இவ்வளவையும் கற்றபின் எங்களுக்குக் கிடைத்த விதி ஒன்றுதான்: இரண்டு படங்களை ஒப்பிடு, இடம் மாறாதது கருவியின் குறை, இடம் மாறுவது உலகத்தினுடையது. 

அந்த விதியை நாங்கள் மறந்த இடம் ஆச்சியின் முகம்.

அந்தப் பயணத்தில் வானம் பின்னணியாக ஆச்சியை நிற்க வைத்து இரண்டே படம் எடுத்திருந்தோம். "வானத்தத்தான பிடிக்க வந்திய, என்னைய எதுக்குல?" என்று சிரித்தாள். அடுத்த தை மாதத்தில் ஆச்சி இல்லை. பதினாறாம் நாளுக்குள் படம் பெரிதாக்க வேண்டும். கணினி முன் இரவெல்லாம் உட்கார்ந்து, வானத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தோம். முப்பதுக்கு மேல் இருந்தன. கை பழகிவிட்டது. மூலக்கோப்பின் மீதே சேமித்தோம்.

சட்டமிட்டு வந்த படத்தை அம்மா நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏய்யா, ஆச்சி மச்சத்த எங்கய்யா?"

இடக் கன்னத்தில் இருந்த மச்சம். அம்மா பிறந்த நாள்முதல் பார்த்துவந்த மச்சம். அதையும் தூசியென்று துடைத்திருந்தோம். எங்களில் யார் கை அது என்று இருவருக்குமே தெரியவில்லை.

இரண்டாவது படத்தைத் திறந்தோம். ஆச்சி பாதி கண்மூடி, சற்றே திரும்பியிருந்தாள். முகத்தோடு மச்சமும் நகர்ந்திருந்தது. வானத்துப் புள்ளிகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. முதலிலேயே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

அந்த இரண்டாவது படத்தில் நாங்கள் எதையும் தொடவில்லை. பாதி மூடிய கண்ணும், கன்னத்து மச்சமும், வானம் நிறையக் கரிசல் தூசியுமாக அதுதான் அம்மாவின் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் படத்தில் பூசணம் பிடித்திருக்கிறதே என்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை.